பெரிய பம்ப் போட்டா தீந்துராதுங்க, ஆயில் எங்க ஒழுகுதுன்னு பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க பத்திரிகையோட வாகனப் பக்கத்துல பைக் ட்யூனிங் பத்தி வந்த கட்டுரைய பட்டறைக்கு வர்ற பசங்க ஃபோன்ல காட்டிக் காட்டிப் பேசுனாங்க, சரின்னு நானும் பேப்பரை எடுத்து உக்காந்து முழுசா படிச்சேன். சைலென்சர், ஈசியூ மேப், ஹை கம்ப்ரஷன் பிஸ்டன், கேம் எல்லாம் விவரமாத்தான் எழுதியிருந்தீங்க, குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கடைசியில போற போக்குல பவர் ஏத்துன இன்ஜினுக்கு பெரிய ஆயில் பம்ப் போடுங்க, கெட்டி ஆயில் ஊத்துங்கன்னு ரெண்டே வரியில முடிச்சுட்டீங்க பாருங்க, அந்த ரெண்டு வரிக்குத்தான் இந்த லெட்டரு. நீளமா இருக்குன்னு வெட்டறதா இருந்தா என்ற பொலம்பலை வெட்டிக்குங்க, கணக்கை மட்டும் வெட்டிராதீங்க.

நான் கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கறவன். போரிங், ஹோனிங், கிராங்க் பிரஸ் பண்றது, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கற கன்ராடுக்கு புஷ் போடறது, இதுதான் சோலி. அதுக்கு முன்னாடி ஒரு பம்ப் கம்பெனியில டெஸ்டிங் செக்ஷன்ல இருந்தேன். இப்ப திருப்பூரு, ஈரோடு, பொள்ளாச்சி, உடுமலைன்னு நாலாபக்கமும் இருந்து வண்டி வருது, கேடிஎம் 390 வருது, ராயல் என்ஃபீல்டு 650 ட்வின் வருது, தாத்தா காலத்து காஸ்ட் அயர்ன் புல்லட்டும் வருது. செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வே டிராக் இருக்கறதால ட்ராக் டே, அதாவது சொந்த வண்டிய ரேஸ் டிராக்குல ஓட்டிப் பாக்கற நாள், அதுல ஓட்டற பசங்க நம்மூர்ல எச்சா. ஓட்டட்டும், ரோட்டுல ஓட்டறதுக்கு அங்க ஓட்டறது எவ்வளவோ மேல். ஆனா பவருக்கு செலவு பண்ற காசுல பத்துல ஒரு பங்கு கூட ஆயிலுக்கு பண்றதில்ல, பண்றவனும் தப்பான எடத்துல பண்றான். கன்ராடோட கீழ் முனையில இருக்கற பிக் எண்ட் பேரிங் கருகி, ராடு நீலம் பாஞ்சு, கிராங்க் பின்னுல கோடு விழுந்து என்ற டேபிளுக்கு வர்றப்ப கேட்டா பதில் ஒண்ணுதான், "ஏனுங்ணா, பெரிய பம்ப் போட்டேனே, அப்பறம் எப்படிங்ணா போச்சு?"

இதை நம்மூர்ல விளக்கறது நெம்ப சுலபமுங்க, ஏன்னா கோயம்புத்தூர்ல பம்ப் தெரியாத ஊடு கெடையாது. 1937லயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேந்து மோட்டார் பண்ணுன ஊரு. தோட்டத்துல கெணத்து மோட்டாரை எடுத்துவிட்டா ஓடையில தண்ணி கம்மியா வருதுன்னு வெச்சுக்குவோம், நம்ம பெரியவங்க உடனே பெரிய மோட்டார் வாங்க ஓடுவாங்களா? மொதல்ல ஃபுட் வால்வு பாப்பாங்க, சக்சன் பைப்புல காத்து புடிக்குதான்னு பாப்பாங்க, வழியில எங்கயாச்சும் பைப்பு ஒடஞ்சு ஒழுகுதான்னு வரப்பு மேலயே நடந்து போயி பாப்பாங்க. அத்தனையும் பாத்துட்டுத்தான் மோட்டார் மேல பழி போடுவாங்க. அவங்க பேரன் பைக் இன்ஜினுக்கு மட்டும் நேரா பெரிய பம்ப் ஆர்டர் பண்றான்.

கணக்குக்கு வர்றேன். இன்ஜின்ல இருக்கற ஆயில் பம்ப் பெரும்பாலும் ட்ரோக்காய்டு டைப்பு, அதாவது உள்ள ஒரு ரோட்டர், வெளிய ஒரு ரோட்டர், ரெண்டும் சுத்தறப்ப நடுவுல இருக்கற குழி பெருசாகி ஆயிலை இழுக்கும், சின்னதாகி தள்ளும். ஒரு சுத்துக்கு இவ்வளவுன்னு அளந்து தள்ளும், அவ்வளவுதான் அதோட வேலை. பிரஷர்ங்கறத பம்ப் உண்டாக்கறதில்லீங்க, ஆயில் போற வழியில இருக்கற தடைதான் உண்டாக்குது. பேரிங்குக்கும் அதுக்குள்ள சுத்தற ஷாஃப்ட் பாகமான ஜர்னலுக்கும் நடுவுல இருக்கற சின்ன இடைவெளி வழியா ஆயில் நெருக்கிட்டு வெளிய வர்றப்பதான் பிரஷர் நிக்கும். அந்த இடைவெளி தேஞ்சு பெருசாச்சுன்னா பிரஷர் விழுந்துரும். எவ்வளவு விழும்? சந்து வழியா ஒழுகற ஆயில் இடைவெளியோட மூணாவது மடிக்கு ஏறும். இந்த இடைவெளி, அதாவது கிளியரன்ஸ், ரெண்டு மடங்கு ஆனா ஒழுகறது ரெண்டு மடங்கு இல்ல, எட்டு மடங்கு. இப்ப பெரிய பம்ப் கணக்கை பாருங்க, 10 எம்.எம் தடிமன் ரோட்டரை எடுத்துட்டு 12 எம்.எம் ரோட்டர் போட்டா கெடைக்கறது 20 சதவீதம் எச்சா, அம்புட்டுதான். எட்டு மடங்கு ஒழுகறத 20 சதவீதம் வெச்சு அடைக்க முடியுமா? அதனாலதான் சொல்றேன், தேஞ்ச கிராங்குக்கு பெரிய பம்ப் போடறது வெட்டிச் செலவு, அந்த காசுல கிளியரன்ஸை சரி பண்ணுங்க.

அந்த எட்டு மடங்கு கணக்கு பம்புக்கு உள்ளயும் உண்டு, இதை யாருமே பாக்கறதில்ல. பம்பைக் கழட்டி கவர் பிளேட்டை வெளிச்சத்துல சாச்சு புடிங்க. ரோட்டர் ஒரசுன எடம் வட்டமா மினுமினுன்னு தெரியும், அது சரி, அதுக்கு மேல நகத்தை வெச்சு குறுக்கால இழுங்க, தட்டுச்சுன்னா அங்க பள்ளம் விழுந்திருக்குன்னு அர்த்தம். டெலிவரி பக்கத்துல இருந்து சக்சன் பக்கத்துக்கே ஆயில் அந்த பள்ளம் வழியா திரும்பிப் போயிட்டிருக்கும், பம்ப் சுத்தும், இன்ஜினுக்கு போய்ச் சேராது. ஸ்ட்ரெயிட் எட்ஜ் வெச்சு ஃபீலர் கேஜ் விட்டுப் பாத்தா தெரிஞ்சு போயிரும். பெரும்பாலான மேனுவல்ல ரோட்டர் முனைக்கு முனை கிளியரன்ஸ் 0.20 எம்.எம் வாக்குல போச்சுன்னா மாத்தச் சொல்லியிருக்கும், பக்கவாட்டுல 0.10, 0.12க்கு மேல போகக்கூடாது, உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. பிளேட்டை சர்ஃபேஸ் கிரைண்டிங்ல ஒரு தடவ லேசா எடுத்து, சர்ஃபேஸ் பிளேட் மேல பேஸ்ட் போட்டு தேச்சு, மண்ணெண்ணெயில சுத்தமா கழுவி மாட்டுனா புது பம்ப் கணக்கா தள்ளும். அதுக்கு ஆகற கூலி ஒரு நல்ல ஹெல்மெட்டோட கண்ணாடி வெலை கூட வராது. இதுதான் உண்மையான அப்கிரேடு, ஆனா இதை ஃபோட்டோ எடுத்து போட்டா யாரும் லைக் போட மாட்டாங்க, என்ன பண்றது.

புல்லட்காரங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின்ல ட்ரோக்காய்டு கெடையாது, வார்ம் கியர்ல ஓடற ரெண்டு பிளஞ்சர் பம்ப், ஒண்ணு ஆயிலை அனுப்பறது, இன்னொண்ணு கீழ சேந்தத திருப்பி டேங்குக்கு இழுக்கறது. அதுக்கு ஹை கெபாசிட்டி பம்ப் செட்டுன்னு விக்குது, நல்ல சாமான்தான், நான் வேண்டாங்கல. ஆனா அந்த இன்ஜின்ல பிக் எண்டுக்கு ஆயில் எப்படி போகுதுன்னு பாருங்க, டைமிங் கவர்ல இருந்து கிராங்க்ஷாஃப்ட்டோட முனைக்குள்ள போற எடத்துல சின்னதா ஒரு கார்க் சீல் இருக்கும். கவரைக் கழட்டி மாட்டற மெக்கானிக்குல பாதி பேரு அதை மாத்தறதே இல்ல, பழசையே வெச்சு மூடிடறாங்க. அது காஞ்சு சுருங்கிப் போயிருந்தா ஆயில் ஷாஃப்ட்டுக்குள்ள போகாம கவருக்குள்ளயே ஊத்திட்டு இருக்கும், அந்தப் பக்கம் பிக் எண்டுல இருக்கற ஃப்ளோட்டிங் புஷ் காஞ்சு கத்தும். இந்த நெலமையில நீங்க எவ்வளவு பெரிய பம்ப் வெச்சாலும் கவருக்குள்ள எச்சா ஊத்தும், அவ்வளவுதான் வித்தியாசம். ஹெட்டுக்கு ஆயில் போற ராக்கர் பைப்போட பேன்ஜோ போல்ட்டை (ஆயில் போக நடுவுல ஓட்டை இருக்கற போல்ட்டு) தளத்திப் பாத்து ஆயில் வருது அண்ணாங்கறான், சரி கண்ணு, மேல வருது, கிராங்குக்குள்ள போகுதான்னு பாத்தியா?

அப்பறம் ரிலீஃப் வால்வு. இது ஒரு பெரிய அக்கப்போருங்க. ஸ்பிரிங்குக்கு அடியில வாஷர் போட்டா பிரஷர் ஏறும்னு எவனோ சொல்லி வெச்சிருக்கான், எங்க பாத்தாலும் வாஷர். ரிலீஃப் வால்வு எப்ப தொறக்கும்? பிரஷர் அளவுக்கு மேல போனா மட்டும்தான் தொறக்கும். இன்ஜின் நல்லா சூடாகி சிக்னல்ல ஐடில்ல நிக்கறப்ப பிரஷர் கம்மியா இருக்கு, அப்ப வால்வு மூடித்தானே இருக்கு, அதுக்கு அடியில நீங்க வாஷர் போட்டா என்ன, வைரக்கல்லே வெச்சா என்ன, ஒரு பாயிண்டு கூட ஏறாது. காலையில குளுரு இன்ஜின்ல, எச்சா ஆர்.பி.எம்ல மட்டும் ஏறும், அது வேண்டாத எடம். ஃபில்டர் சீல் பிதுங்கும், பம்ப் ஓட்டற கியர் மேல லோடு ஏறும், சில இன்ஜின்ல அந்த கியர் நைலான் வேற. பெரிய பம்புக்கும் இதே கதைதான், மேல் ஆர்.பி.எம்ல எச்சா தள்ளுன ஆயில் பூரா ரிலீஃப் வால்வு வழியா இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்கற சம்புக்கே திரும்பும், தள்ளுன சக்தி எல்லாம் சூடா மாறும், பவருக்குன்னு செலவு பண்ணி பவரையே தின்ன வைக்கறது.

சரி, இனி சக்சன் பக்கம், எனக்கு புடிச்ச பக்கம். நம்ம கெணத்து ஃபுட் வால்வு இருக்கற எடத்துல இன்ஜின்ல ஸ்ட்ரெயினர் ஜாலி இருக்கு. அது தண்ணிக்கு மேல வந்துட்டா என்ன ஆகும்னு தோட்டத்துக்காரனுக்கு சொல்லவே வேண்டாம், காத்தை இழுக்கும். பேரிங்குக்கு காத்து கலந்த ஆயில் போனா அரை நிமிசம் போதும், சோலி முடிஞ்சுது. கார் ட்யூனிங் பாத்து நம்ம பசங்க சம்புக்குள்ள பக்கவாட்டு தடுப்பு வெல்டு பண்ணிட்டு வர்றாங்க, வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிருமாம். காருக்கு சரி, கார் வளைவுல சாயறதில்ல, ஆயில் மட்டும் ஒதுங்கும். பைக் அப்படியா, வண்டியே வளைவுக்குள்ள சாயுது, எடையும் வெளிய தள்ளற விசையும் சேந்து கிட்டத்தட்ட வண்டியோட நடுக்கோட்டுலயேதான் வந்து எறங்குது, அதனால ஆயில் சம்புக்கு அடியிலயேதான் நிக்கும். பைக்குக்கு தொந்தரவு முன்னயும் பின்னயும்தான். நல்ல டயர், நல்ல பிரேக் வெச்சு ஒரு ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பு அளவுக்கு, அமுக்கி புடிச்சா சம்புக்குள்ள ஆயில் மட்டம் 45 டிகிரி சாயும், கரி டிராக்குல ஸ்ட்ரெயிட் முடிஞ்சு வளைவுக்கு வர்ற எடத்துல இதுதான் நடக்குது. வீலிங் பண்ற தம்பிகளுக்கு அப்படியே தலைகீழ், ஆயில் பூரா பின்னால போயிரும், அதுவும் த்ராட்டில் தொறந்திருக்கற நேரத்துல. அதனால தடுப்பு வைக்கறதுன்னா முன்பின்னா ஆயில் ஓடறத தடுக்கற மாதிரி, ஸ்ட்ரெயினரை சுத்தி பெட்டியாட்ட வையுங்க, உள்ள வர வழி விட்டு, வெளிய போக வழி விடாம.

இன்னொண்ணு, 9000, 10000 ஆர்.பி.எம்ல தொடர்ந்து ஓடறப்ப சம்புல நீங்க ஊத்துன அளவு ஆயில் இருக்காது. கொஞ்சம் இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டுல நிக்கும், செவுத்துல ஒட்டியிருக்கும், கிராங்கு சுத்தற காத்துல மூடுபனியாட்ட மெதந்துட்டு இருக்கும். பெரிய பம்ப் போட்டா மேல இன்னும் எச்சா ஏத்தி விட்டுரும், எறங்கற ஓட்டை பழைய அளவுதான், சம்பு சீக்கிரம் காலி ஆகும். அதனால பம்பை தொடறதுக்கு முன்னாடி ஹெட்டுல இருந்து எறங்கற வழிய பாருங்க, கேஸ்கட் பேஸ்ட் பிதுங்கி அடைச்சிருக்கும், வார்ப்புல பிசுறு நின்னுட்டிருக்கும், அதை ஃபைல் போட்டு வழிச்சு விட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. இதுக்கு பயந்துட்டு அளவுக்கு மேல அரை லிட்டர் ஊத்தறவங்களும் இருக்காங்க, கிராங்கு அதுல அடிச்சு நுரை கட்டும், இன்ஜின் மூச்சு விடற ப்ரீதர் குழாய் வழியா ஏர் ஃபில்டருக்கு துப்பும், சூடும் ஏறும், அதுவும் வேண்டாம்.

கெட்டி ஆயிலுக்கு வர்றேன். கெட்டி ஆயில் ஊத்துனா கேஜ்ல முள்ளு மேல போகுமுங்க, உண்மைதான். ஆனா முள்ளு மேல போறதுக்கு காரணம் ஆயில் சந்துல சீக்கிரம் போகாம நிக்கறதுதான், பேரிங்குக்கு எச்சா ஆயில் போகுதுன்னு அர்த்தம் இல்ல. டப்பா மேல கடைசியா இருக்கற நம்பர் 100 டிகிரியில ஆயிலோட கெட்டித்தனத்தை சொல்றது. 40ன்னா 12.5ல இருந்து 16.3 செண்டிஸ்டோக் வரைக்கும், 50ன்னா 16.3ல இருந்து 21.9 வரைக்கும். கம்பெனி 10 டபிள்யூ 40க்கு கிளியரன்ஸ் வெச்சு பண்ணுன இன்ஜின்ல நீங்க 20 டபிள்யூ 50 ஊத்தி காலையில எடுத்த எடுப்புல முறுக்குனா, ஹெட்டுக்கு ஆயில் ஏறறதுக்குள்ள கேம் லோப் காஞ்சு ஓடிட்டிருக்கும். தொடர்ந்து சூட்டுல, டிராக்குல, கிளியரன்ஸ் கொஞ்சம் பெருசா வெச்சு கட்டுன இன்ஜினுக்கு 50 சரி. சும்மா பயத்துக்கு ஊத்தாதீங்க.

பைக்குல இன்னொரு வில்லங்கம், பெரும்பாலான வண்டியில ஒரே ஆயில்தான் இன்ஜினுக்கும், கியர் பாக்ஸுக்கும், கிளட்ச்சுக்கும். கியர் பல்லுக்கு நடுவுல மாட்டி ஆயில்ல இருக்கற பாலிமர் நறுக்கிப் போயிரும், 50ன்னு ஊத்துனது கொஞ்ச நாள்ல 40 ஆயிரும், நாள் ஆக ஆக இன்னும் தளந்துரும். அதனால ஆயில் வெலையில செலவு பண்றத விட மாத்தற நாளை முன்னாடி கொண்டாரது நல்லது, டிராக்குல ஓட்டறவங்க கிலோமீட்டர் கணக்கே பாக்காதீங்க. கார் ஆயில் சிந்தெடிக், வெலை எச்சான்னு நெனச்சு ஊத்தறவங்க டப்பாவுல பைக் கிளட்ச்சுக்கு ஒத்துவர்ற தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அந்த வழுக்கற மருந்து கிளட்ச் பிளேட்டுல ஏறி ஆர்.பி.எம் மட்டும் ஏறும் வண்டி ஏறாது. பழைய புல்லட்டுக்கு கியர் பாக்ஸ் தனி, அங்க இந்த கவலை இல்ல.

ஆயில் கூலர் போடலாமா? நம்மூரு ஏப்ரல் வெயில்ல ஏர் கூல்டு வண்டிக்கு தாராளமா போடலாம். பஜாஜ் பல்சர் 220லயே கம்பெனி வெச்சு குடுத்துருச்சு, சுசுகி ஜிக்ஸர் 250யில 2019ல இன்ஜினையே ஆயில் வெச்சு குளுர வெச்சு கொண்டாந்தாங்க. ஆனா ஆயில் குளுந்தா குளுந்த வரைக்கும் லாபம்னு நெனைக்காதீங்க. சம்புல 90ல இருந்து 110 டிகிரி இருக்கோணும். 80க்கு கீழயே ஓடிட்டு இருந்தா பெட்ரோல் ஆவியும் தண்ணி ஆவியும் வெளிய போகாது, ஃபில்லர் மூடியக் கழட்டுனா உள்பக்கம் வெள்ளையா பிசுக்கு நிக்கும் பாருங்க, அது அதுதான். ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏறறப்ப கூலர் வேணும், அதே 40ஐ மார்கழி மாசம் காலையில த்ராட்டில மூடிட்டு எறங்கறப்ப கூலர் வேண்டாம். அதனால ஆயில் சூடானாத்தான் கூலருக்கு வழி விடற தெர்மோஸ்டாட் வெச்ச சாண்ட்விச் பிளேட் (ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல மாட்டறது) வாங்குங்க, கூலரோட வெலைய விட அதுக்கு காசு போனாலும் பரவால்ல. ஹோஸ் விசயத்துல கஞ்சத்தனம் வேண்டாம், உள் விட்டம் பாதியானா தடை 16 மடங்கு ஏறும், பெரிய கூலரை வாங்கி சின்ன பேன்ஜோ போல்ட்டுல மாட்டறது பூரா தண்டம். அப்பறம் முக்கியமானது ஒண்ணு, இன்ஜின் ஒருக்கா போச்சுன்னா கூலரையும் தூக்கிப் போட்டுருங்க. உள்ள இருக்கற பேரிங் தூள் எவ்வளவு பெட்ரோல் ஊத்திக் குலுக்குனாலும் முழுசா வராது, புது இன்ஜினைக் கட்டி பழைய கூலரை மாட்டுனா அந்த தூள் நேரா புது பேரிங்குக்கு போகும். என்ற டேபிளுக்கு ரெண்டாம் தடவ வர்ற இன்ஜின்ல பாதி இதுனாலதான்.

அப்ப பெரிய பம்ப் யாருக்குத்தான் வேணும்? ஆயிலுக்கு புதுசா வேலை குடுக்கறவங்களுக்கு வேணும். பிஸ்டனுக்கு அடியில ஆயில் ஜெட் புதுசா வெச்சா அந்த ஜெட் எப்பவும் ஒரு பங்கு ஆயிலை எடுத்துக்கும், நீளமான கூலர் லைன் போட்டா, டிராக்குக்குன்னு வேணும்னே கிளியரன்ஸ் ஏத்தி கட்டுனா, அங்கெல்லாம் எச்சா அளவு தேவை. 1985ல சுசுகிக்காரன் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750ஐ கொண்டாந்தப்ப பேரிங்குக்கு பிரஷரா ஒண்ணு, ஹெட்டைக் குளுர வைக்க அளவா ஒண்ணுன்னு ஒரே பம்புல ரெண்டு அறை வெச்சான், வேலை ரெண்டு, அதனால அறை ரெண்டு. அப்படி கணக்கு போட்டு பண்ணோணும். ரோலர் பேரிங் கிராங்குக்கு பிரஷர் கம்மியா இருந்தாலே போதும், உருளை இல்லாத ப்ளெயின் பேரிங்குக்கு கட்டாயம் வேணும், ரெண்டையும் ஒண்ணா வெச்சு பேசறதே தப்பு.

இதெல்லாம் தெரிஞ்சுக்க ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜும் ஒரு டெம்பரேச்சர் சென்சாரும் போதும். ஃபில்டர் தாண்டி ஆயில் எல்லா பக்கமும் பிரிஞ்சு போற முக்கிய வழியான மெயின் கேலரியில ஓட்டை போட்டு கேஜை மாட்டுங்க, நல்லா சூடானதுக்கு அப்பறம் ஐடில்ல எவ்வளவு, 5000ல எவ்வளவு, மேல எவ்வளவுன்னு எழுதி வெச்சுக்குங்க. மேனுவல் நம்பரோட ஒத்து வந்தா பம்பைத் தொடாதீங்க. எச்சரிக்கை லைட் இருக்கேம்பாங்க, அந்த சுவிட்ச் பிரஷர் நெம்ப விழுந்தாத்தான் வேலை செய்யும், ரேஸ் ஆர்.பி.எம்ல அந்த லைட் எரியற நேரத்துக்கு பேரிங் போயிருக்கும், சின்ன வண்டி பலதுல லைட்டே கெடையாது. ஃபில்டர் மாத்தறப்ப பழசை அறுத்து காகிதத்தை விரிச்சு பாருங்க, காந்தத்துல ஒட்டுனா இரும்பு, ஒட்டாம மினுக்குனா பேரிங் இல்லைன்னா பிஸ்டன்.

டிராக் டே நடத்தறவங்களுக்கும் உங்க பேப்பர் மூலமா ஒரு வேண்டுகோள். ட்ரெயின் போல்ட், ஃபில்டர், ஃபில்லர் மூடி மூணுக்கும் கழண்டு போகாம இருக்க லாக் ஒயர் (பூட்டுக் கம்பி) கட்டியிருக்கான்னு பாத்துட்டு உள்ள விடுங்க, ப்ரீதர் குழாய் ஆயிலைப் புடிக்கற கேட்ச் டேங்குக்கு போகுதான்னு பாருங்க. உலக அளவுல நடக்கற பைக் ரேஸ்ல ஃபேரிங்கோட, அதாவது வண்டியச் சுத்தி இருக்கற மூடியோட, அடிப்பாகமே இன்ஜின் ஒடஞ்சா பாதி ஆயிலையாச்சும் புடிக்கற தொட்டியா இருக்கோணும்னு விதி, அது தனக்கு இல்லீங்க, பின்னால வர்றவனுக்கு. ஒரு போல்ட் கழண்டு வளைவுல ஆயில் ஊத்துனா விழுகறது அடுத்தவன்.

பட்டறைக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லோணும், பழைய ஆயிலை சாக்கடையில ஊத்தறத விடுங்கப்பா. 2016 விதிப்படி அது அபாயக் கழிவு, லைசென்ஸ் இருக்கறவன்கிட்ட குடுத்தா காசே தருவான். நொய்யலுக்கு இருக்கற கஷ்டம் போதும்.

உங்ககிட்ட நான் கேக்கறது இவ்வளவுதானுங்க ஐயா. அடுத்து பைக் பத்தி எழுதறப்ப ஆயிலுக்கு ரெண்டு வரி பத்தாது, அரைப் பக்கம் குடுங்க, நம்பரோட எழுதுங்க. நம்மூரு இன்ஜினியரிங் காலேஜு எத்தனையோ இருக்கு, தண்ணி பம்புக்கு டெஸ்ட் ரிக் இல்லாத காலேஜு கெடையாது, அதுல பக்கத்துலயே பைக் ஆயில் பம்புக்கும் ஒரு சின்ன ரிக் வெச்சு 90 டிகிரி ஆயில்ல எவ்வளவு தள்ளுதுன்னு பசங்களை அளக்க விடச் சொல்லி எழுதுங்க, ப்ராஜெக்ட்டும் ஆச்சு, நமக்கு நம்பரும் ஆச்சு. ஜி.டி. நாயுடு வெள்ளக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த ரட்ஜ் பைக்கை பாத்து ஆசைப்பட்டு, காசு சேத்து வாங்கி, கழட்டிப் பாத்துத்தான் கத்துக்கிட்டாரு, ஆன்லைன்ல பார்ட்டு ஆர்டர் பண்ணி இல்ல.

பம்பைக் கழட்டி கொண்டாந்தா கிளியரன்ஸ் பாத்து சொல்றதுக்கு நான் காசு வாங்கறதில்லீங்க. ஞாயித்துக்கெழம மட்டும் வராதீங்க. ரோட்டரை மட்டும் பொட்டலம் கட்டிக் கொண்டாந்து "இது நல்லா இருக்காங்ணா"ன்னு கேக்காதீங்க, பாடி, கவர் பிளேட்டு, ரிலீஃப் வால்வு எல்லாத்தையும் சேத்துக் கொண்டாங்க, இல்லைன்னா நான் எதை வெச்சு அளக்கறது.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரன்,
கணபதி, கோவை - 6.